பின் டயர் ஏன் சதுரமாகிறது?

கேடிஎம் ஆர்சி 390 பைக் ஓட்டுகிறவர்களிடம் ஏழாயிரம் கிலோமீட்டர் வாக்கில் கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஒரே புகார்தான் வரும்: "வண்டி முன்ன மாதிரி சாயல. முதல்ல சாய மாட்டேங்குது, அப்புறம் ஒரு இடம் வந்ததும் பொத்துனு விழுது." ஸ்டீயரிங் பேரிங்கைப் பார்க்கலாம், ஃபோர்க் ஆயிலை மாற்றலாம் என்று மெக்கானிக் ஒவ்வொன்றாக ஆரம்பிப்பார். அதற்கெல்லாம் முன்னால் வண்டிக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்து, கண்ணை டயர் மட்டத்துக்கு இறக்கி ஒரு தடவை பாருங்கள். வட்டமாக வளைந்திருக்க வேண்டிய டயர் நடுவில் தட்டையாகியிருக்கும். டயர் சதுரமாவது என்பது இதுதான். அந்தத் தட்டை முடியும் இடத்தில், இரண்டு பக்கமும் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கும். வண்டியைச் சாய்க்கும்போது டயர் அந்த வரப்பின் மேல் ஏறித் தாண்ட வேண்டியிருக்கிறது. ஏறும்போது மறுப்பு, தாண்டியதும் விழுகிற உணர்வு. சேசிஸில், அதாவது வண்டியின் சட்டகத்தில், ஒரு குறையும் இருக்காது.

இதற்கு டயர் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை. நம் சாலைக் கணக்கு அப்படி. சென்னையிலிருந்து ஏலகிரி போய்த் திரும்பினால் சுமார் 460 கி.மீ. அதில் மலைப்பாதை, ஏற்றமும் இறக்கமும் சேர்த்து, 30 கி.மீ.க்குள் அடங்கிவிடும், 14 கொண்டை ஊசி வளைவுகள். மிச்சமெல்லாம் நெடுஞ்சாலை நேர்கோடு. நேராக ஓடும்போது 150 மி.மீ. அகலப் பின் டயரில் தரையைத் தொடுவது நடுவில் மூன்று நான்கு சென்டிமீட்டர் பட்டை மட்டும்தான். இன்ஜின் தள்ளுகிற தள்ளல், உங்கள் எடை, பின்னால் கட்டிய பை, எல்லாம் அந்தப் பட்டையின் தலையில். வளைவுக்கென்று வாங்கிய டயரை நாம் தேய்ப்பது நேர்கோட்டில்.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவதைவிட டயர் பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் ஒரு டெப்த் கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பிளாஸ்டிக் கேஜே போதும். ஒரே இடத்தில் அளக்காதீர்கள். நடுவில் ஒன்று, நடுவிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளி இடமும் வலமும் ஒவ்வொன்று, ஓரத்தில் ஒவ்வொன்று என ஐந்து இடம். புதிதில் நடுப்பள்ளம் 6 மி.மீ. இருந்த டயர், நெடுஞ்சாலைக்காரரிடம் 7,000 கி.மீ. ஓடிய பிறகு நடுவில் 2.5, தள்ளி 4.5, ஓரத்தில் 5.5 என்று காட்டும். நடுவுக்கும் அடுத்த அளவுக்கும் 2 மி.மீ. வித்தியாசம் வந்துவிட்டால், ஓரத்தில் எவ்வளவு ரப்பர் மிச்சம் இருந்தாலும் ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு அந்த டயரின் நல்ல காலம் முடிந்தது என்பது என் கணக்கு. பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடாக நிற்கும் தேய்மான அடையாளம் அதற்கும் பிறகுதான் ரப்பர் மட்டத்துக்கு வரும். அது வந்தால் மாற்றியே தீர வேண்டும். அது வரும்வரை எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை.

இந்தச் சிக்கலுக்கு டயர்காரர்கள் கண்ட வழி, ஒரே டயரில் இரண்டு ரப்பர். நடுவில் கடினமானது, ஓரங்களில் மென்மையானது. மிஷெலின் இதை 2சிடி என்று பெயரிட்டு விற்கிறது. 2020இல் வந்த பிஎஸ்6 டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கில் கம்பெனியே போட்டுக் கொடுத்த ரோடு 5 இந்த வகை. அதற்கு முன் அதே வண்டியில் இருந்தது மிஷெலினின் பைலட் ஸ்ட்ரீட். இரண்டையும் ஓட்டியவர்கள் மழையில்தான் முதலில் வித்தியாசம் சொன்னார்கள், அதற்குக் காரணம் உண்டு.

பிடிமானம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இரண்டு வேலைகளின் கூட்டு. ஒன்று, ரப்பர் தரையோடு ஒட்டிப் பிரிவது. மற்றது, தார்ச்சாலையின் ஜல்லி முனைகள் ரப்பருக்குள் பதிவது. பதிந்த இடம் உடனே எழும்பாமல் சோம்பலாக எழும்பும். ஜல்லியின் ஒரு பக்கம் அழுத்தமும் மறு பக்கம் வெற்றிடமுமாக நிற்கிற அந்த நொடிப்பொழுதில்தான் பிடி பிறக்கிறது. சோம்பல் அதிகமானால் பிடி அதிகம். அந்தச் சோம்பல்தான் உள்ளே சூடாகவும் மாறுகிறது. சாலை நனைந்தால் முதல் வேலை ஏறக்குறைய நின்றுவிடும், பதிவது மட்டும் மிஞ்சும். குளிர்ந்த ரப்பர் விறைத்துப் பதிய மறுக்கும். சிலிக்கா கலந்த ரப்பர் குளிர்ந்த ஈரத்திலும் இளகியே இருக்கும் என்பதால்தான் மழை டயர் என்றாலே சிலிக்கா என்று பேசுகிறார்கள். பழைய கறுப்பு டயருக்கு முழு பலமும் கார்பன் தூளிடமிருந்து வந்தது. இன்று நல்ல சாலை டயர்களில் அதில் பெரும்பங்கைச் சிலிக்கா எடுத்துக்கொண்டுவிட்டது.

இத்தனையும் நடக்கிற இடத்தின் அளவைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஓட்டுபவரோடு சேர்த்து 250 கிலோ என்றால் ஒரு டயருக்கு 125 கிலோ. காற்று 29 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ. வகுத்தால் 60 சதுர சென்டிமீட்டர் வரும். விரல்களை விட்டுவிட்டு வெறும் உள்ளங்கை.

அந்த உள்ளங்கையிடம் நாம் எவ்வளவு கேட்கிறோம் என்பதற்கும் கணக்கு உண்டு. 30 டிகிரி சாய்வில் நிலையாக ஒரு வளைவை எடுக்க உராய்வு எண் (டயர் தாங்கும் எடையில் எத்தனை பங்கு பிடியாகக் கிடைக்கிறது என்ற கணக்கு) 0.58 வேண்டும். 45 டிகிரிக்கு சரியாக 1. காய்ந்த, புழுதியில்லாத தாரில் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் ஒன்றுக்குப் பக்கத்தில் கொடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். வளைவு பக்கவாட்டிலும் பிரேக் நேர்கோட்டிலும் இழுப்பதால் ஒன்றிலிருந்து 0.58ஐ நேராகக் கழிக்கக் கூடாது, வர்க்கங்களைக் கழித்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 30 டிகிரியில் இருக்கும்போது பிரேக் பிடிக்க இன்னும் 0.8 மிச்சம் இருக்கிறது. 40 டிகிரியில் 0.54. 43 டிகிரியில் 0.36. கடைசி மூன்று டிகிரியில் மிச்சம் எப்படிச் சரிகிறது என்று பாருங்கள். "அதே வளைவு, அதே டயர், நேத்து பிடிச்சுது, இன்னைக்கு முன்பக்கம் வழுக்கிடுச்சு" என்கிறவர்களின் கதையில் பாதி இந்தச் சரிவுக்குள் இருக்கும். நேற்றைவிட இரண்டு டிகிரி கூடுதல், அதோடு விரல் நுனியில் கொஞ்சம் பிரேக். டயர் மோசமாக வேண்டிய அவசியமே இல்லை.

மீதிப் பாதி, காற்றும் சூடும்.

பெரிய பைக்குகளுக்கு முன்னால் 36, பின்னால் 42 பிஎஸ்ஐ என்று செயின் கார்டில் ஒட்டியிருக்கும். யமஹா ஆர்15க்கு முன்னால் 29, பின்னால் 33. 300, 400 சிசி வண்டிகள் பலவற்றுக்கு 29க்கும் 33க்கும் இடையில் ஏதோ ஒன்று. இந்த எண்கள் எல்லாமே குளிர்ந்த டயருக்கு உரியவை. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற வண்டி, வெயில் படாத இடம். இதை விட்டுவிட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி பங்க்குக்குப் போய் "29 வைங்க" என்றால் என்ன ஆகும்? 30 டிகிரியில் 30 பிஎஸ்ஐ இருந்த டயர் 60 டிகிரிக்குச் சூடேறினால் 34 தாண்டிவிடும். இது பள்ளிக்கூட வாயுக் கணக்குதான், வெளிக்காற்றின் 14.7ஐச் சேர்த்து 333ஐ 303ஆல் வகுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். பங்க் பையன் அதைப் பார்த்து "அதிகமா இருக்கு சார்" என்று நாலைந்து பிஎஸ்ஐயை வெளியே விடுவார். மறுநாள் காலையில் டயரில் 25தான் இருக்கும். அந்த 25இல் மறுபடி நெடுஞ்சாலை ஏறினால் பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடாகும், வண்டி சேற்றில் போவதுபோல் நெளியும், ஒரு பள்ளத்தில் ரிம் விளிம்பு நசுங்கும்.

பங்க்கில் காற்றை அளக்கும் கேஜ்களை நான் நம்புவதில்லை. ஒரே டயரை மூன்று பங்க்கில் வைத்தால் மூன்று எண் காட்டும். சொந்தமாக ஒரு கேஜ் வைத்துக்கொண்டு எப்போதும் அதையே பயன்படுத்தினால், அது ஒரு பிஎஸ்ஐ தப்பாகக் காட்டினாலும் எப்போதும் ஒரே மாதிரி தப்பாகக் காட்டும். அது போதும். மைலேஜுக்காக ஐந்து பிஎஸ்ஐ கூட்டி வைப்பவர்களுக்கு நடுப்பட்டை இன்னும் குறுகி, சதுரம் இன்னும் சீக்கிரம் வரும். நைட்ரஜன் அடித்தால் சூட்டில் காற்று ஏறாது என்பது கடைக்காரர் பேச்சு. நாம் மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், எல்லா வாயுவும் சூட்டில் ஒரே விகிதத்தில்தான் ஏறும். கம்ப்ரசரின் ஈரம் உள்ளே போகாது என்ற ஒரு சின்ன லாபம் உண்டு. இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. சிக்னலிலிருந்து கிளம்பியதும் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட்டி டயரைச் சூடாக்குவது. கார் பந்தயத்தில் பார்த்துப் பழகியது அது. பைக்கில் வளைந்து ஓட்டினால் டயர் உருள்கிறதே தவிர அதிகம் கசங்குவதில்லை. சூடாக்குவது கசங்கல்தான். அதற்கு நேர்கோட்டில், பின்னால் யாரும் இல்லாத இடத்தில், நல்ல முடுக்கமும் நல்ல பிரேக்கும் நாலைந்து தடவை கொடுக்க வேண்டும். சாலைக்கான ஸ்போர்ட்ஸ் டயர் முப்பது நாற்பது டிகிரியிலேயே பிடிக்கத் தொடங்கிவிடும், நம் ஊரில் வெயிலே அதைப் பாதி செய்துவிடுகிறது. பள்ளமே இல்லாத பந்தய டயரான ஸ்லிக் அப்படியல்ல. அதற்கு எண்பதுக்குப் பக்கத்தில் வேண்டும், அதனால்தான் பிட்டில், அதாவது பந்தயத் தடத்தோரம் வண்டியை நிறுத்தும் இடத்தில், டயருக்குப் போர்வை சுற்றி மின்சாரம் கொடுக்கிறார்கள்.

இங்கேதான் டயர் தேர்வில் பலரும் காசை இழப்பது. ஆர்15 155 சிசி வண்டி, 18 குதிரைத்திறன். அந்தத் தள்ளலுக்கு மிக மென்மையான பந்தய வகை ரப்பர் சூடாகவே ஆகாது. சூடாகாத பந்தய ரப்பர், கம்பெனி போட்டுக் கொடுத்த சாதாரண டயரைவிட மோசமாக வழுக்கும். ஊட்டிக் காலையில் அது இன்னும் மோசம். அந்த வண்டிக்கு எம்ஆர்எஃபின் ரெவ்ஸ் போன்ற டயரோ, மதுரைக்காரர்களின் டிவிஎஸ் யூரோகிரிப் புரோடார்க் வரிசையோ, அப்போலோ ஆல்ஃபா எச்1 போன்ற ரேடியலோ போதும், நிறையவே போதும். 43 குதிரைத்திறன் கொண்ட 390க்கு மெட்ஸெலர் ஸ்போர்டெக், பிரெல்லி டயாப்லோ ரோஸ்ஸோ வகை பொருத்தம். மழையும் தூரமும் அதிகம் என்றால் ரோடு 5 வகை. இருநூறு குதிரைத்திறன் கொண்ட கவாசாகி இசட்எக்ஸ்-10ஆர் மாதிரி வண்டிக்குத்தான் பிரெல்லியின் பந்தய வகை டயரான சூப்பர்கோர்சா போன்ற ரப்பரைச் சூடாக்கும் சக்தி இருக்கிறது. அதுவும் சாலையில் எப்போதும் அல்ல.

ஆயுள் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரே எண் சொல்ல முடியாது, ஆனால் ஒரு வரம்பு சொல்லலாம். ஆர்15இன் பின் டயர் 15,000 கி.மீ. தாண்டும். 390இல் மென்மையான ஸ்போர்ட்ஸ் டயர் 6,000 முதல் 9,000. அதே வண்டியில் தூரப் பயணத்துக்கான டூரிங் வகை டயர் 12,000க்கு மேல். லிட்டர் பைக்கில் (1000 சிசி வகை) சூப்பர்கோர்சா எஸ்பி போன்றவை 4,000ஐப் பார்ப்பதே அதிர்ஷ்டம். முன் டயர் இவற்றைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஓடும்.

அகல டயர் ஆசையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 390இன் பின் ரிம் 4 அங்குலம், கம்பெனி அளவு 150/60. அதில் 160/60 போடுகிறார்கள். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். குறுகிய ரிம்மில் அகல டயரை ஏற்றினால் இரண்டு விளிம்பும் உள்ளே இழுபட்டு, நடு எழும்பிக் கூம்பாகும். நிமிர்ந்து போகும்போது தரையைத் தொடும் பட்டை குறையும். டயரின் விட்டம் 12 மி.மீ. கூடுவதால் கியர் இரண்டு சதவீதம் நீண்டு, வண்டி கொஞ்சம் மந்தமாகும். அகலம் கூடிய டயரில் அதே வளைவை அதே வேகத்தில் எடுக்க வண்டியை இன்னும் சற்று அதிகம் சாய்க்கவும் வேண்டும். எடை கூடியது தனி. இத்தனை நஷ்டத்துக்கு ஈடாகக் கிடைப்பது பின்னாலிருந்து எடுத்த போட்டோ.

முன் டயர் தேய்வது வேறு கதை. அது நடுவில் தட்டையாவதில்லை. நடுவும் ஓரமும் நிற்க, இரண்டு பக்கச் சரிவுகள் தேய்ந்து மெல்ல முக்கோணமாகும். பிரேக்கோடு வளைவுக்குள் நுழைகிற இடம் அந்தச் சரிவுதான். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னோக்கி ஒரு தடவை, பின்னோக்கி ஒரு தடவை வருடிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரியும் தட்டுப்பட்டால், ஒவ்வொரு ரப்பர் துண்டின் ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் இருப்பது இயல்பு. அதிகமாகி, மெதுவான வளைவில் ஊளையிடும் சத்தமும் ஹேண்டில்பாரில் நடுக்கமும் வந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது ஃபோர்க்கின் அடக்கும் சக்தி போய்விட்டது. டயர் மட்டும் மாற்றினால் அடுத்த டயரும் அதே வழியில் போகும்.

இடப்பக்கத்தைவிட வலப்பக்கம் அதிகம் தேய்ந்திருப்பதைப் பார்த்து ரிம் கோணல் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் அது அப்படித்தான் தேயும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். வலது வளைவில் வெளிச்சுற்று நம்முடையது, தூரமும் வேகமும் அதிகம். ரவுண்டானாவில் எப்போதும் வலப்பக்கம்தான் சாய்கிறோம். மழைநீர் வடிய சாலை இடப்பக்கம் சரிந்திருப்பதால், நிமிர்ந்து ஓடும் வண்டியும் டயரின் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கத்தில்தான் உருள்கிறது. அமெரிக்கர்கள் இதே புகாரை இடப்பக்கம் பற்றிச் சொல்வார்கள். பின் டயரில் மட்டும் ஒருபக்கத் தேய்மானம் கண்ணை உறுத்தினால், செயின் இறுக்கும்போது இரண்டு பக்க அடையாளக் கோடுகளும் ஒன்றாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்குச் சாலை டயரோடு போகிறவர்கள் இப்போது நிறைய. ஒரு சுற்று 3.717 கி.மீ. பதினைந்து இருபது நிமிட செஷனில் டயர் சாலையில் ஒரு மாதத்தில் பார்க்காத சூட்டைப் பார்த்துவிடும். அதனால் காலையில் சாலைக் காற்றிலிருந்து இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்துத் தொடங்குவது வழக்கம். ஆனால் தொடங்கிய எண்ணைவிட முக்கியம், பிட்டுக்குள் நுழைந்த ஒரு நிமிடத்துக்குள் எடுக்கும் எண். பின் டயரை முதலில் அளக்க வேண்டும், அதற்குப் பிறகு ஹெல்மெட்டைக் கழற்றலாம். சாலையில் குளிர்ந்த அளவிலிருந்து 10 சதவீதம், டிராக்கில் 20 சதவீதம் வரை ஏறலாம் என்பது பழைய கைக்கணக்கு. அதைத் தாண்டி ஏறினால் தொடங்கிய காற்று குறைவு, டயர் அளவுக்கு மீறிக் கசங்கியிருக்கிறது. ஏறவே இல்லை என்றால் தொடங்கிய காற்று அதிகம், அல்லது நீங்கள் டயரை வேலை வாங்கவே இல்லை. இரண்டாவதாக இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, காற்றை மட்டும் இன்னும் குறைக்காதீர்கள்.

பிறகு ரப்பரைப் பாருங்கள். மெல்லிய உப்புத்தாள் மாதிரி ஒரே சீராகச் சொரசொரப்பாக இருந்தால் எல்லாம் சரி. பரோட்டா மாதிரி அடுக்கடுக்காகப் பிய்ந்து எழும்பியிருந்தால் சரியில்லை. முதலில் காற்று, அடுத்து சஸ்பென்ஷன் என்ற வரிசையில் தேடுங்கள். இரண்டையும் ஒரே செஷனில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரப்பர் உருண்டைகளைப் போட்டோ எடுத்துப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் பெரும்பகுதி மற்றவர்களின் டயர் உதிர்த்தது. கடைசிச் சுற்றில் மெதுவாக, பாதையை விட்டு ஓரமாக வரும்போது சூடான டயரில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குக் கிளம்பும் முன் காற்றைச் சாலை அளவுக்கு ஏற்ற மறக்காதீர்கள், அந்த உருண்டைகளையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். முதல் வளைவில் நீங்கள் ஓட்டுவது டயரின் மேல் அல்ல, அவற்றின் மேல்.

சாலையில் பிடிமானத்தைக் கெடுக்கும் விஷயங்கள் டிராக்கில் இல்லாதவை. அவற்றில் பல நம் ஊருக்கே உரியவை. அறுவடை முடிந்ததும் கிராமச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல்லோ கேழ்வரகோ காயும், எந்த ரப்பரும் அதன் மேல் பிடிக்காது. ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் நிழல் விழும் உள்பக்கம் பாசி பிடித்திருக்கும், மழைக்குப் பிறகு மேலிருந்து அரித்து வந்த சரளை வளைவின் நடுவில் கிடக்கும். சிமென்ட் போட்ட திருப்பங்களில் லாரி சிந்திய டீசல் காயாமல் கிடக்கும். சித்திரை வெயிலில் தார் உருகிக் கறுப்பாகப் பளபளக்கும் இடத்தில் ஜல்லி முனைகள் மூழ்கிவிடும், ரப்பருக்குப் பதிய எதுவும் இருக்காது. கோடை மழையின் முதல் இருபது நிமிடம் தனி ஆபத்து, மாதக்கணக்கில் சிந்திய எண்ணெயும் புழுதியும் கலந்து சோப்புக் கரைசலாகும். அடித்துப் பெய்து கழுவிவிட்ட பிறகு அதே சாலை நன்றாகவே பிடிக்கும். வெள்ளைக் கோடுகள் மட்டும் எப்போது நனைந்தாலும் நம்பத் தகாதவை.

புது டயரிலும் முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் நிதானம் வேண்டும். மேற்பரப்பு இன்னும் சொரசொரப்பாகாமல் பளபளப்பாக இருக்கும். சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பளபளப்பு நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் போகும். ஓரத்தில் தேயாமல் மிஞ்சும் அந்தப் பட்டைக்கு சிக்கன் ஸ்ட்ரிப் (பயந்தாங்கொள்ளிப் பட்டை) என்று பெயர் வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். சாலையில் ஓட்டுகிறவரின் டயரில் அது ஒரு சென்டிமீட்டர் இருப்பது ஆரோக்கியமான சேமிப்பு. டயரைப் பளபளக்க வைக்கும் பாலிஷைத் தரை தொடும் பகுதியில் பூசுவதும், செயினுக்கு ஸ்ப்ரே அடித்த கையோடு கிளம்புவதும் ஒரே வகைத் தற்கொலை. ஸ்ப்ரே அடித்த பின் இருபது நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் அது சிதறிச் சேரும் இடம் பின் டயரின் இடப்பக்கம்.

வயதையும் பார்த்து வாங்குங்கள். பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இறக்குமதி டயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் விலையைப் பார்க்கும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் சரக்கில் இருந்தால் பயமில்லை. ஐந்து வருடம் கடையின் தகரக் கூரைக்கடியில் வெந்த டயர், பட்டன் (பள்ளங்களுக்கு இடையே நிற்கும் ரப்பர்) முழுசாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். பள்ளத்தின் அடியில் நகத்தை அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரியும். பள்ளங்களுக்குள் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் வேண்டாம்.

ஆணி ஏறினால் சாலையோரத்தில் குச்சி மாதிரி ரப்பர் திரியைச் செருகி அனுப்பிவிடுவார்கள். வீடு வந்து சேர அது போதும். மணிக்கு நூற்றைத் தாண்டி ஓட்டுகிற வண்டியில் அதையே நிரந்தரமாக நம்பக் கூடாது. டயரைக் கழற்றி உள்பக்கம் காளான் வடிவப் பேட்ச் போடச் சொல்லுங்கள். கழற்றினால்தான் காற்று குறைந்து ஓடியதில் உள்சுவர் பொடிந்திருக்கிறதா என்றும் தெரியும். உள்ளே கரித்தூள் மாதிரிக் கொட்டினால் பேட்சுக்கும் அர்த்தமில்லை. பக்கச்சுவரில் ஓட்டை என்றால் டயர் குப்பைக்கு.

கடைசியாக, மாட்டுகிற கடை. நல்ல டயரைக் கெட்ட கையில் கொடுத்தால் பாதி பணம் வீண். லிவரை வைத்து நெம்புகிற கடையைவிட மெஷின் உள்ள கடை நல்லது. சக்கரத்தைத் தரையில் போடும்போது பிரேக் டிஸ்க் அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஏபிஎஸ் வளையம் கொஞ்சம் வளைந்தாலும் விளக்கு எரியத் தொடங்கும். பக்கச்சுவரின் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். மஞ்சள் புள்ளி இருந்தால் அது டயரின் எடை குறைந்த இடம், வால்வுக்கு நேராக நிற்க வேண்டும். ரிம்மில் உட்கார வைக்க டயர் சோப்புதான் தடவ வேண்டும். கிரீஸோ ஆயிலோ தடவினால் பலத்த பிரேக்கில் டயர் ரிம்மைவிட்டு நகர்ந்து சுற்றும். ரப்பர் வால்வு என்றால் டயரோடு சேர்த்து அதையும் மாற்றுங்கள், வளைத்துப் பார்த்தால் அடியில் வெடித்திருக்கும். காற்று ஏற்றிய பிறகு ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே தூரத்தில் தெரிகிறதா பாருங்கள், ஓரிடத்தில் உள்ளே முங்கியிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. பேலன்ஸ் பார்க்காமல் முன் சக்கரத்தை வாங்காதீர்கள்.

சக்கரம் மாட்டியதும் செயின் தளர்வைச் சரிபாருங்கள். வண்டியை நகர்த்தும் முன் முன் பிரேக் லிவரையும் பின் பிரேக் பெடலையும் இறுகும்வரை நாலைந்து தடவை அழுத்துங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது பேடுகள் விலகியிருக்கும், முதல் அழுத்தத்தில் பிரேக் பிடிக்காது. கடை வாசலிலிருந்து இறங்கும் சரிவில், பளபளக்கும் புது டயரோடு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம்.